அவரவர் வேகத்தில் படிப்பது காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டும்தானா?

மடிப்பாக்கம் அப்பா:
பொண்ணை இந்த வருஷம் மாற்றுக் கல்விப் பள்ளியில் சேர்த்திருக்கோம். பரீட்சை, ரேங்க் கிடையாது. வகுப்பில் 20 பேர், ரெண்டு டீச்சர். கூட்டல் பிடிபடாத பிள்ளையைக் கழித்தலுக்குத் தள்ளுவதில்லை. எல்லாப் பள்ளியும் இப்படி இருந்தால் டியூஷன் சென்டர்களை மூடிவிடலாம்.

தறிக்காரன்:
ஃபீஸை மட்டும் சொல்லாம விட்டுட்டீங்களே சார். 20 பேருக்கு ரெண்டு டீச்சர்னா எந்த முறையும் ஜெயிக்கும். அதுவும் வீட்டிலேயே சொல்லித்தர ஆள் இருக்கிற பிள்ளைகள். அப்பா அம்மாவை இன்டர்வியூ பண்ணித்தானே சீட்டு தர்றாங்க? கல்வி உரிமைச் சட்டம் 13ஆம் பிரிவு அதைத் தடை செய்யுது.

செவ்வந்தி டீச்சர்:
காசு இருந்தால்தான் முடியும் என்பதை நான் ஒத்துக்க மாட்டேன். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் இருக்கிற ரிஷிவேலி, தனியார் விடுதிப் பள்ளிதான். ஆனால் அவங்களே சுற்றுக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளும் நடத்தினாங்க. பாடத்தைச் சின்னச் சின்னப் படியாகப் பிரிச்ச கற்றல் அட்டை, எந்த அட்டைக்கு அப்புறம் எதுன்னு காட்டும் ஏணிப் படம் எல்லாம் அங்கே உருவானது. அதைப் பார்த்துதான் 2003இல், விஜயகுமார் ஐ.ஏ.எஸ். ஆணையராக இருந்தப்போ, சென்னை மாநகராட்சி 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கியது. 2007-08இல் மாநிலம் முழுக்க வந்துவிட்டது. நானும் நடத்தியிருக்கேன். பிள்ளை தானே ஏணியைப் பார்த்து அடுத்த அட்டையை எடுக்கும். கரும்பு வெட்டுக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளை ரெண்டு மாசம் கழித்து வந்தாலும், விட்ட அட்டையிலிருந்து தொடரலாம். வேற எந்த முறையில் இது நடக்கும், சொல்லுங்க!

தறிக்காரன்:
எங்க ஊரில் நடந்ததைச் சொல்றேன். பாதி அட்டை கிழிஞ்சுபோச்சு. "பாடமே நடத்தல, சீட்டாடுறாங்க"ன்னு ஜனங்க பிள்ளைகளை மெட்ரிக்குக்கு மாத்திட்டாங்க.

செவ்வந்தி டீச்சர்:
கிழிஞ்ச அட்டைக்குப் புது அட்டை வரல. பதிவேடு எழுதவே பாதி நாள் போச்சு. அது முறையோட குற்றமில்லை.

தறிக்காரன்:
ஓராசிரியர் பள்ளியிலேயே ஓடுதுன்னு இப்பதானே சொன்னீங்க?

செவ்வந்தி டீச்சர்:
அங்கே அட்டை செய்யும்போது ஆசிரியர்களும் கூட உட்கார்ந்தாங்க. எங்களுக்கு அச்சடித்து பெட்டியில் வந்தது, கூடவே உத்தரவும்.

தறிக்காரன்:
சரி, அது அரசோட தப்புன்னே வச்சுக்குவோம். மடிப்பாக்கம் சார், உங்க பள்ளியில் அதே சட்டப்படி ஏழைப் பிள்ளைகளுக்குத் தர வேண்டிய 25 சதவீத இலவச சீட்டுக்கு எத்தனை பேர் வந்தாங்க?

மடிப்பாக்கம் அப்பா:
ஆபீஸில் கேட்டேன். சிறுபான்மைப் பள்ளியாம், அந்த விதி அவங்களுக்குப் பொருந்தாதாம்.