'டு லெட்' பலகை பாத்து வீடு தேடறவங்களுக்கு

இங்கிலாந்துக்குப் புதுசா வந்து வீடு தேடிட்டிருக்கற நம்ம கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர் பக்கத்து ஆளுங்களுக்காக எழுதறேனுங்க. சரவணம்பட்டியில கேட்டுக்குக் கேட்டு தொங்கற அதே 'டு லெட்' பலகைதான் இங்கயும். ஆனா அந்த வார்த்தையை நாம திருப்பிச் சொல்றப்ப கவனம் வேணுமுங்க.

'லெட்'னா விடறது. வீட்டுக்காரர் விடறாரு, நாம எடுக்கறோம். ஏஜென்டைக் கூப்பிட்டு "ஐ வான்ட் டு லெட் எ ஃபிளாட்"னு சொன்னா, உங்களுக்குச் சொந்தமா வீடு இருக்குது, வாடகைக்கு விடப் பாக்கறீங்கன்னுதான் எடுத்துக்குவாங்க. 'ரென்ட்'னு சொல்லுங்க, போதும். 'லெட் அக்ரீட்'னு போட்டிருந்தா அந்த வீடு பேசி முடிஞ்சுது, அடுத்ததைப் பாருங்க.

'லீஸ்' விசயத்துல இன்னும் உசாரா இருங்க. நம்மூர்ல லீஸுன்னா மொத்தமா பணம் குடுத்துட்டு, மாச வாடகை இல்லாமக் குடியிருந்து, காலி பண்றப்ப திருப்பி வாங்கிக்கற போக்கியம். இங்க 'லீஸ்ஹோல்ட்'னா விலைக்கு வர்ற வீடு. வாங்கினாலும் அந்த உரிமைக்கு 99 வருசம், 125 வருசம்னு காலக்கெடு இருக்கும். போக்கியம்னு நெனச்சு யார்கிட்டயும் பெரிய தொகையைக் குடுத்துறாதீங்க.

ஆறு மாசம், பத்து மாசம் அட்வான்ஸுக்குப் பணம் பொரட்டவும் வேண்டாம். 2019-ல வந்த சட்டப்படி, வருச வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழ இருந்தா டெபாசிட் 5 வார வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. வீட்டைப் புடிச்சு வெக்கறதுக்கு 1 வார வாடகைதான் உச்சம். டெபாசிட்டை 30 நாளுக்குள்ள அரசு அங்கீகரிச்ச பாதுகாப்புத் திட்டத்துல சேத்து, எந்தத் திட்டம்னு உங்களுக்கு எழுத்துல தரோணும். தரலைன்னா கூச்சப்படாமக் கேளுங்க, அது உங்க உரிமை. ஸ்காட்லாந்து, வேல்ஸுக்கு விதி வேற.

மெயில்ல தெனமும் வர்ற 'லெட் மீ நோ'வுக்குப் பெருசா அர்த்தம் தேட வேண்டாம், "சொல்லுங்க"ங்கறதுதான்.

'சப்லெட்' மட்டும் ஆபத்து. ஊர்ல இருந்து வர்ற கூட்டாளிக்கு ஒரு ரூமை உள்வாடகைக்கு விடத் தோணும். வீட்டுக்காரரோட எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாம விட்டா, அதையே காரணம் காட்டி உங்களையே காலி பண்ணச் சொல்லலாம். மொதல்ல ஒப்பந்தத்தைப் படிங்க. புரியாத வரி இருந்தா பேரையும் முகவரியையும் மறைச்சுட்டு இங்க போடுங்க, பாத்துச் சொல்றேனுங்க.