புதுப்பிப்பு: கோவிட் இறப்பும் படிவம் 4-உம்
மருத்துவமனையில் நேர்ந்த இறப்புக்கு மருத்துவர் தரும் காரணச் சான்றிதழ்தான் படிவம் 4. அதில் மூலக்காரணம் (இறப்பில் முடிந்த தொடரைத் தொடங்கிவைத்த நோய்) முதல் பகுதியின் கடைசி வரியில் வரவேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். அப்படியானால் கோவிட்டில் இறந்தவருக்கு முன்பே இருந்த சர்க்கரை நோயை எங்கே எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டாம் பகுதியில்தான்; இறப்புக்குத் துணைபோன, ஆனால் அந்தத் தொடரில் சேராத நோய்களுக்கான இடம் அது.

நிரப்பிய படிவம் இப்படி இருக்கும்: (அ) ஏஆர்டிஎஸ் (நுரையீரல் செயலிழக்கும் கடுமையான மூச்சுத் திணறல்), 2 நாள்; (ஆ) நிமோனியா, 8 நாள்; (இ) கோவிட்-19, 12 நாள். கீழே இரண்டாம் பகுதியில் சர்க்கரை நோய், 14 ஆண்டு.

‘இதயம் நின்றது’ என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள், தயவுசெய்து. அது உயிர் பிரிந்த விதம், காரணம் அல்ல. படிவத்தைப் பார்த்து இறப்புக் காரணத்துக்குக் குறியீடு தருபவருக்குக் கோவிட் என்று தெரிய வழியே இருக்காது. நாள் கணக்கையும் விடக்கூடாது. வரிசை தலைகீழாகிவிட்டால் அதை வைத்துத்தான் பிடிக்க முடியும்.

பரிசோதனையில் கோவிட் உறுதியானால், பன்னாட்டு நோய் வகைப்பாட்டில் (ஐசிடி-10) அதற்கான குறியீடு யூ07.1. அறிகுறி இருந்தும் உறுதியாகாவிட்டால் யூ07.2.

விட்டுப்போன ஒன்று: வீட்டில் நேர்ந்த இறப்புக்குப் படிவம் 4ஏ.