புதுப்பிப்பு: டிரெய்லர் டிராயருக்குக் காந்தக் கேட்ச் போதாது

டிராவல் டிரெய்லருக்கான (வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு) பிளைவுட் டிராயர்களுக்குக் காந்தக் கேட்ச், அதாவது மூடிய டிராயரைக் காந்தத்தால் பிடித்துவைக்கும் கொக்கி, போதும் என்று முதல் பதிவில் எழுதியிருந்தேன். அதை வாபஸ் வாங்குகிறேன். வளைவில் திரும்பும்போது பாத்திரம் நிறைந்த டிராயரின் எடை மொத்தமும் வெளியே தள்ளும், காந்தம் விட்டுவிடும்.

மாற்று, தூக்கி இழுக்கும் வெட்டு: டிராயரைச் சற்றுத் தூக்கி இழுத்தால்தான் திறக்கும். டிராயருக்கு அடியில் முன்பக்கம் குறுக்கே வரும் 12 மி.மீ. தடிமனுள்ள முன்சட்டத்தை, டிராயர் ஓடும் கட்டையைவிட 6 மி.மீ. உயர்த்திப் பொருத்துங்கள். டிராயரின் இரு பக்கப் பலகைகளின் அடியில், முகப்பை ஒட்டிப் பின்னால், 14 மி.மீ. அகலமும் 7 மி.மீ. ஆழமுமாக வெட்டுங்கள். மூடினால் சட்டத்தின் மேல் 'டக்'கென்று உட்காரும். டிராயருக்கு மேலே 8 மி.மீ. இடைவெளி வேண்டும்; 6-க்குக் கீழே போனால் தூக்கவே வராது, ரொம்ப விட்டால் பள்ளத்தில் குதித்துக் கழன்றுகொள்ளும். பால்பேரிங் சேனல் (டிராயர் பக்கங்களில் திருகும் உலோக ஓடுதடம்) இதற்கு ஆகாது, அது தூக்க விடாது. வெட்டில் மெழுகு தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

சுவர் அலமாரி பற்றி ஒன்று: 3 மி.மீ. உட்பலகையில் மட்டும் ஏறிய திருகு குலுக்கலில் பிடுங்கிவிடும். அதற்குப் பின்னால் உள்ள சுவர்ச் சட்டத்தில்தான் ஏற்ற வேண்டும். மரச்சட்ட டிரெய்லர் என்றால், சிறு காந்தத்தைச் சுவரில் நகர்த்திப் பாருங்கள்; ஆணி இருக்கும் இடத்தில் ஒட்டும், சட்டம் அங்கேதான்.