இரண்டு சர்வர்களும் தம்மையே முதன்மை என்று நம்பிய இரவு

நான் முன்பு பணியாற்றிய நிறுவனத்தில் கட்டண ரசீதுகளுக்கான டேட்டாபேஸ் இரண்டு ஊர்களில் இயங்கியது. முதன்மை சர்வரில் பதிவானவை சிறிது நேரத்தில் மற்ற ஊரின் ரெப்ளிகாவை, அதாவது நகல் சர்வரைச் சென்றடையும். அதுவரை வாடிக்கையாளரைக் காக்க வைப்பதில்லை. ஒரு நள்ளிரவில் இரு ஊர்களுக்கும் இடையிலான இணைப்பு மட்டும் அறுந்தது. முதன்மை சர்வர் நலமாகவே இருந்தது. ஆயினும் அதனிடமிருந்து பதில் வராததால், நாங்கள் எழுதிய ஸ்கிரிப்ட் அது செத்துவிட்டதாக முடிவுகட்டி, ரெப்ளிகாவை முதன்மையாக்கிவிட்டது. இரண்டும் தனித்தனியே ரசீது பதிந்ததால், இணைப்பு திரும்பியபோது ஒரே ரசீது எண் இருவேறு ஆட்களின் பெயரில் இருந்தது. சேவை ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை என்பதுதான் வேடிக்கை. மூன்று நாட்கள் உட்கார்ந்து ஒவ்வொரு ரசீதாக ஒப்பிட்டோம்.

பிறகு மூன்றாவது ஊரில், தரவு எதையும் வைத்திராமல் வாக்கு மட்டும் அளிக்கும் சிறிய சர்வர் ஒன்றை நிறுவினோம். மூன்றில் இரண்டு ஒப்புக்கொண்டால்தான் முதன்மை மாறும். தனித்துவிடப்பட்ட முதன்மை, எழுதுவதைத் தானே நிறுத்திக்கொள்ளும். ஊராட்சிக் கூட்டத்துக்குச் சொல்லும் அதே கோரம் (quorum), அதாவது முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கைதான்.

மறுமொழி:

வணக்கம். தாங்கள் கூறும் வாக்குமுறை இரட்டை முதன்மையைத் தடுக்கும். ரெப்ளிகாவுக்குப் போய்ச் சேராத பதிவுகளை அது காப்பாற்றாது. 2018 அக்டோபர் 21 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்ஹப் நிறுவனத்தில், பழுதடைந்த ஒளியிழைக் கருவியை மாற்றும்போது அமெரிக்கக் கிழக்குக் கரை டேட்டா சென்டரின் தொடர்பு 43 நொடிகள் அறுந்தது. சர்வர்கள் வாக்களித்து ஒருமித்த முடிவுக்கு வரும் ராஃப்ட் முறைப்படி பெரும்பான்மை கூடி, முதன்மைப் பொறுப்பை மேற்குக் கரைக்கு மாற்றிவிட்டது. கிழக்கில் நகலாகாத பதிவுகள் தங்கிவிட, மேற்கில் புதியவை குவிந்தன. சேவை முழுமையாகச் சீராக 24 மணி 11 நிமிடங்கள் ஆயின.

அந்நிறுவனம் வெளியிட்ட அறிக்கையை வாசித்த அச்சத்தில், எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸில் ரெப்ளிகா ஒப்புக்கொண்ட பின்னரே பதிவு முடியும்படி அமைத்தோம். இருந்ததோ ஒரே ரெப்ளிகா. ஒரு நாள் அதன் டிஸ்க் நிரம்பியதும் முதன்மையில் ஒரு பதிவுகூட முடியாமல் எல்லாமே காத்து நின்றன. நகல் வைத்ததாலேயே நின்றுபோன சேவை எங்களுடையதாகத்தான் இருக்கும். இப்போது இரண்டு ரெப்ளிகாக்கள் உள்ளன, அவற்றில் ஏதேனும் ஒன்று ஒப்புக்கொண்டால் போதும். போஸ்ட்கிரெஸ் 10 முதல் இந்த வசதி உண்டு.

முதல் பதிவர்:

நன்றி. ஒவ்வொரு பதிவுக்கும் அடுத்த ஊர் வரை போய்வரும் தாமதத்தைத் தங்கள் பயனர்கள் பொறுத்துக்கொள்கிறார்களா?

மறுமொழி:

பணம் சார்ந்த பதிவுகள் மட்டுமே காத்திருக்கின்றன. வருகைப்பதிவு, தேடல் வரலாறு போன்றவற்றுக்கு அந்தந்தப் பரிவர்த்தனையிலேயே காத்திருப்பை நிறுத்திவிட்டோம்.