கிடார் வாசிப்பேன்னு பீலா விட்டாச்சு, இனி?

பள்ளிக்கூட க்ரஷ்ஷிடம் விடும் பீலாக்களில் சீக்கிரம் சாயம் வெளுப்பது கிடார்தான். வாய் எப்படியோ சமாளித்துவிடும், கை காட்டிக்கொடுத்துவிடும். வலது கையால் மீட்டுகிறவர்களுக்கு இடது கை நகங்கள் ஒட்ட வெட்டியிருக்கும். நகம் நீண்டிருந்தால் கம்பியைச் சரியாக அழுத்தவே முடியாது. விரல் நுனிகளும் காய்த்துப்போயிருக்கும். ஸ்டீல் கம்பியில் தினமும் வாசித்தால் அந்தக் காய்ப்பு வர 2 முதல் 4 வாரம் ஆகும். அதை ஒரே ராத்திரியில் வரவழைக்க வழியே இல்லை.

அதைவிட ஆபத்து, யாராவது ஒரு கிடாரைத் தூக்கிக் கையில் கொடுத்துவிடுவது. அது பெரும்பாலும் சுருதி கலைந்துதான் இருக்கும். வாசிக்கத் தெரிந்தவர் முதலில் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார்: தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. தெரியாதவர் எடுத்த எடுப்பிலேயே ஆறையும் சேர்த்து ஒரு இழுப்பு இழுப்பார். ஆட்டம் க்ளோஸ்.

சொல்லித் தொலைத்தாச்சு என்றால் ஈ மைனர் என்ற கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) ஆரம்பியுங்கள். இரண்டே விரல்தான்: மெல்லிய கம்பியிலிருந்து எண்ணினால் ஐந்தாவது, நான்காவது கம்பிகள், இரண்டாவது ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை). பிறகு ஜி, டி, ஏ. தினம் 20 நிமிஷம் போதும். ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு நிமிஷத்துக்கு 30 தடவை மாற முடிந்தால் மெதுவான பாட்டு ஒன்றை ஒப்பேற்றிவிடலாம். எஃப் கார்டு பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். ஆள்காட்டி விரல் ஒன்றே ஆறு கம்பியையும் அழுத்தணும். புதுக் கைக்குப் பாதிக் கம்பி 'டொப்' என்று அடைத்துக்கொள்ளும். எஃப் சுருதிப் பாட்டுதான் வேணுமென்றால், மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) மாட்டி டி, ஜி, ஏ பிடித்தாலே வேலை முடிந்தது.

*

செஸ் பீலாவும் இதே ரகம். பலகையை விரிக்கும்போதே குட்டு உடையும்: வலது கைப்பக்க மூலைக் கட்டம் வெள்ளையாக இருக்கணும், ராணி தன் நிறக் கட்டத்தில் நிற்கணும். நாலு நகர்த்தலில் மேட் வைக்கும் வித்தையை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு உட்காருகிறவர்கள்தான் பாவம். ராணியும் பிஷப்பும் எஃப்7-ஐ (கறுப்பு ராஜாவை ஒட்டிய சிப்பாய்க் கட்டம்) குறிவைக்கும்போது எதிராளி ஜி6-க்குச் சிப்பாயைத் தள்ளினால் ராணி நகரணும். எஃப்3-க்குப் போய் மறுபடி குறிவைத்தால், குதிரை எஃப்6-க்கு வந்து வழியை அடைத்துவிடும். அதற்கப்புறம் மனப்பாடத்தில் ஒன்றும் மிச்சமிருக்காது.

*

இறங்கிவரும் வழியையும் சொல்லணும். பீலா விட்டவருக்கு மொத்த வகுப்பும் தன்னையே பார்க்கிற மாதிரி இருக்கும். அது பிரமை. உளவியலாளர் தாமஸ் கிலோவிச் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், கூச்சப்பட வைக்கும் படம் போட்ட டி-ஷர்ட்டோடு மாணவர்களைப் பிறர் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தது கிட்டத்தட்ட நாலில் ஒருவர்தான். அதனால் வகுப்புக்கு விளக்கம் கொடுக்கத் தேவையில்லை. சொல்ல வேண்டியது ஒரே ஆளிடம்.

தனியாக இருக்கும்போது ஒரே வரி: "வாசிப்பேன்னு சொன்னேன்ல, இப்பதான் கத்துக்கறேன்." அதோடு பேச்சை மாற்றிவிடுங்கள். "உனக்காகத்தான் பொய் சொன்னேன்" என்று இழுத்தால் பாரம் எதிராளி தலையில் ஏறும். சாட்சிக்கு நண்பனைக் கூட்டிவராதீர்கள். முதலில் உளறுவது அவன்தான்.

வேறொருவர் போட்டோ வைத்துப் போலி அக்கவுண்டில் பேசுவது மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அதைக் 'கத்துக்கறேன்' என்று சுருக்க முடியாது. இன்னார்தான் பேசினேன் என்று சொல்லிவிட்டு அக்கவுண்டை அழிக்கணும். சொல்லாமல் அழித்தால், இல்லாத ஒரு ஆளுக்கு என்ன ஆச்சோ என்று அந்தப் பக்கம் தேடிக்கொண்டே இருப்பார்கள்.