வயிறு ஒத்துக்காத நாய்க்கு ரொம்ப நேரம் தாங்கும் மெல்லும் குச்சி எது?

புழுதிவால்:
பெண் நாய், 3 வயசு, 10 கிலோ, கருத்தடை ஆயிடுச்சு. வழக்கமான உலர் தீவனத்துல மலம் கெட்டியாத்தான் போகுது. புல்லி ஸ்டிக் (காளையோட ஆண்குறியை உலர்த்தின மெல்லும் குச்சி) 6 அங்குலம் முழுசா கொடுத்தா மறுநாள் சளி கலந்து இளகிடுது. குடற்பூச்சி மருந்து தவறாம போகுது, மலப் பரிசோதனையிலயும் ஒண்ணும் இல்லை. ஆனா எதையாவது கடிக்காம இருக்காது. ஒண்ணும் கிடைக்கலைன்னா கதவு நிலைதான். அரை மணி நேரமாவது தாங்கணும், வயிறும் கெடக் கூடாது. மாட்டுத்தோல் எலும்பு வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சு. மான்கொம்பு, யாக் மாட்டுப் பாலாடைக்கட்டி, நைலான் எலும்பு, இதுல எது தேவலாம்?

கோரைப்பல்:
முதல்ல அளவைப் பாருங்க. புல்லி ஸ்டிக்கில் ஒரு அங்குலத்துக்கு 9 முதல் 22 கலோரி வரை இருக்கும். 10 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 630 கலோரி. அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நொறுக்குத் தீனியாகப் போகக் கூடாது, அதாவது 63. ஆறு அங்குலக் குச்சி முழுசா உள்ளே போனா 54-லிருந்து 132 வரை ஆகுது. மாட்டிறைச்சியே ஒத்துக்கலைன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி, ஒரே நேரத்துல அவ்வளவு புரதம் இறங்கினதுதான் காரணமான்னு பார்க்கணும். அதே ரகக் குச்சியை 5 நிமிஷம் மட்டும் கொடுத்து வாங்கிடுங்க. 48 மணி நேரம் வேற எதையும் மாத்தாதீங்க. மலம் சரியா இருந்தா அடுத்த முறை 10 நிமிஷம். ஐந்து நிமிஷத்துக்கே இளகினா அந்தப் பொருளையே விட்டுடலாம்.

வாங்கும்போது உறுமினா கையால பிடுங்காதீங்க, தீவனத்தைக் காட்டி மாத்திக்கோங்க. கடைசி இரண்டு அங்குலத்தை எப்பவும் எடுத்துடணும். அந்தத் துண்டைத்தான் அப்படியே விழுங்கித் தொண்டையில மாட்டிக்கும். இவை சமைக்காம உலர்த்தினவை, கிருமி இருக்கலாம். தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்க.

நெடுங்காது:
மான்கொம்புக்குப் போயிடுங்க. உள்ளே ஏறக்குறைய எதுவும் போகாது, மாசக்கணக்குல தாங்கும். வயிற்றுத் தொல்லை உள்ள நாய்க்கு அதுதான் சரி.

நாலுகால்:
வயிற்றைக் காப்பாத்தப் பல்லைக் காவு கொடுக்கிற யோசனை இது. மான்கொம்பு, குளம்பு, தொடை எலும்பு மூணும் பல் எனாமலை உடைக்கிற அளவுக்குக் கடினம். பெரும்பாலும் போவது மேல் தாடையின் நாலாவது முன்கடைவாய்ப்பல். நாய் கடினமான பொருளை அங்கே வைத்துத்தான் அழுத்தும். பல்லின் வெளிப்பக்கம் ஒரு சில்லாகப் பெயர்ந்து வரும். உள்ளே இருக்கும் கூழ் வெளிப்பட்டா வேர் வரைக்கும் சீழ் பிடித்து, கண்ணுக்குக் கீழே வீங்கும். அப்புறம் மயக்க மருந்து கொடுத்துப் பல்லைப் பிடுங்கணும், இல்லைன்னா வேர் சிகிச்சை. அதுவரைக்கும் நாய் வழக்கம்போலச் சாப்பிட்டுக்கிட்டே இருக்கும், அதனால யாருக்கும் தெரியாது. நெடுக்குவாட்டில் பிளந்த கொம்புன்னு விற்பாங்க. நடுவில் இருக்கும் மெதுவான பகுதி தீர்ந்ததும் மிஞ்சுவது அதே கடினமான ஓரம்தான்.

எதை வாங்கினாலும் கட்டைவிரல் நகத்தால அழுத்திப் பாருங்க. தடம் விழலைன்னா கொடுக்காதீங்க. இந்தச் சோதனையில் யாக் கட்டியும் பெரும்பாலும் தோத்துடும். அதில் லாக்டோஸ் கொஞ்சம்தான், ஆனா பால் புரதம் முழுசா இருக்கு. பால் ஒத்துக்காத நாய்க்கு ஆகாது. நைலான்ல வளையக்கூடிய வகை பரவாயில்லை. அது செரிக்காது, அரிசியளவு துணுக்குகள் மலத்தோட போயிடும். முனை தூரிகை மாதிரி சிலும்பிடுச்சுன்னா, பெரிய துண்டு பெயர்வதற்குள் தூக்கிப் போட்டுடணும்.

கயிற்றுப் பொம்மையையும் இந்த நாய்க்குத் தராதீங்க. விழுங்கின நூல் குடலைச் சுருக்கி அறுத்துடும்.

கோரைப்பல்:
நாலுகால் சொன்னதுதான் சரி. அரை மணி நேரம் தாங்கணும்னா தின்று தீர்க்கிற பொருளில் தேடாதீங்க. ஏற்கெனவே ஒத்துக்கிட்ட தீவனத்தையே கெட்டி ரப்பர் பொம்மைக்குள்ள உறைய வைங்க.

அன்றைய பங்கிலிருந்து 40 கிராம் எடுத்து, மூழ்கும்வரை வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி 30 நிமிஷம் ஊற வைங்க. மிச்சத் தண்ணீரை வடிச்சுட்டு, கட்டியில்லாம மசிச்சு அடைச்சு, இரவு முழுக்க ஃப்ரீசர்ல வைங்க. தண்ணீர் அதிகமா நின்னா வெறும் பனிக்கட்டி ஆயிடும். நாய் நக்காமல் கடித்து உடைக்கப் பார்க்கும். முதல் தடவையே கல்லாக உறைய வைத்துக் கொடுத்தா ரெண்டு நிமிஷத்துல சலிச்சுப் போய் விட்டுட்டுப் போயிடும். முதல்ல உறைய வைக்காம, தளர்வா அடைச்சுக் கொடுங்க. பழகினதும் ஃப்ரிட்ஜ், அப்புறம் ஃப்ரீசர்.

பொம்மையில் கட்டாயம் இரண்டு துளை இருக்கணும். ஒரே துளைன்னா உள்ளே காற்று உறிஞ்சப்பட்டு நாக்கு மாட்டிக்கும், வீங்கவும் செய்யும். அளவும் முக்கியம்: கோரைப்பல்லைத் தாண்டி வாய்க்குள்ள முழுசா போற அளவு சின்னதா இருக்கக் கூடாது.

புழுதிவால்:
தீவனத்தோட கடலை வெண்ணெய் சேர்க்கலாமா?

நாலுகால்:
இந்த வயித்துக்கு வேண்டாம், கொழுப்பு அதிகம். சில ரகங்களில் சைலிட்டால்ங்கிற செயற்கை இனிப்பு கலந்திருக்கும். அது நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டுனு இறக்கி ஈரலையும் கெடுக்கும். மணம் வேணும்னா உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேராத, வெறுமனே வேகவைத்த பூசணி ஒரு தேக்கரண்டி போதும். அதையும் அந்த வாரம் புதுசா வேற எதுவும் கொடுக்காம சோதிங்க.

இவ்வளவு செய்தும் இளக்கம் நிற்கலைன்னா, கால்நடை மருத்துவரிடம் ஒவ்வாமைக்கான விலக்கு உணவுச் சோதனை பற்றிக் கேளுங்க. குறைந்தது 8 வாரம் அவர் சொல்ற ஒரே உணவுதான். இங்கே பலர் கோட்டை விடுவது சுவையூட்டிய நைலான் எலும்பிலும், சுவையூட்டிய பூச்சி மாத்திரையிலும்தான். ரெண்டும் கணக்கில் சேரும்.

திரும்பத் திரும்ப வாந்தி, மலம் வராமல் முக்குதல், முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கியபடி நிற்பது, கறுத்த தார் போன்ற மலம்: இதில் ஒண்ணு தெரிஞ்சாலும் காத்திருக்காதீங்க. வீட்டிலேயே வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். விழுங்கின பொருளில் மிச்சம் ஏதாவது இருந்தா மருத்துவரிடம் எடுத்துட்டுப் போங்க.

கோரைப்பல்:
ஒண்ணு விட்டுப்போச்சு. பொம்மை உள்பக்கத்தைப் பாட்டில் பிரஷ் போட்டு அன்னைக்கே கழுவுங்க. மூலையில் ஒட்டின தீவனம் புளிச்சு வயிறு கெட்டாலும் பழி பொம்மை மேலதான் விழும். ரெண்டு வாங்கி மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டா ஒண்ணு காயுற நேரத்துல மத்தது ஃப்ரீசர்ல இருக்கும்.