ராணிப்பேட்டை லெதர் யூனிட் ஆபீஸ், 11 சிஸ்டம்: விண்டோஸ் 10 முடிந்தாச்சு, லினக்ஸுக்கு எதை மாத்தலாம், எதைத் தொடக்கூடாது?

பாலாற்றங்கரை கேட்டது:

வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஃபினிஷ்டு லெதர் யூனிட், பிரைவேட் லிமிடெட். ஆபீஸில் 11 சிஸ்டம். அதில் 9 பழசு: நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. மீதி 2 புதுசு, விண்டோஸ் 11 ப்ரோ. 2025 அக்டோபர் 14-ஓடு பத்துக்கு அப்டேட் நின்றுவிட்டது. எங்களிடம் லெதர் வாங்கும் பையர் அனுப்பிய ஆடிட் படிவத்தில், ஆதரவு முடிந்த இயங்குதளம் எத்தனை கணினியில் ஓடுகிறது என்று நேரடியாகவே கேட்டிருக்கிறார்கள்.

வேலைப் பிரிவு இது. கணக்குக்கு டேலி பிரைம் கோல்டு (பல பேர் சேர்ந்து பயன்படுத்தும் லைசென்ஸ்), 3 பேர் என்ட்ரி. பேக்கிங் லிஸ்ட், செலக்‌ஷன் ஷீட் எல்லாம் எக்ஸெல், அதில் 2 ஃபைலில் மேக்ரோ. பிஎஃப், இஎஸ்ஐ ஒருத்தர். கைரேகை அட்டெண்டன்ஸ் மிஷின் ஒன்று. தொழிலாளர் நோட்டீஸ், கடிதம் எல்லாம் பாமினி எழுத்துருவில் வேர்டு ஃபைல். மற்றவர்களுக்கு மெயில், பிரவுசர், வாட்ஸ்அப் வெப் போதும். பிரிண்டர்: எச்பி 1020, கேனான் எல்பிபி 2900, ஒரு டாட் மேட்ரிக்ஸ்.

9 சிஸ்டமும் புதுசு வாங்க முதலாளி தயாராக இல்லை. லினக்ஸ் போட்டால் எங்கே மாட்டிக்கொள்வோம்?

காட்பாடி ஜங்ஷன்:

சிஸ்டத்தை எண்ணாதீங்க, மேசையை எண்ணுங்க. ஒவ்வொரு மேசையிலும் ஒரு வாரம் திறக்கப்படும் மென்பொருளை ஒரு தாளில் எழுதி வையுங்க. "விண்டோஸ் இல்லாம நடக்காது" என்று வரும் மேசை மூன்று, நாலுக்கு மேல் போகாது. அதற்கு விண்டோஸ் 11, மற்றதற்கு லினக்ஸ். முழுக்க லினக்ஸ் என்று வைராக்கியம் பிடிக்கிற ஆபீஸ்தான் ஆறே மாசத்தில் கிராக் விண்டோஸுக்குத் திரும்பும்.

டேலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. வைன் (விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் கருவி) வழியாகத் திறக்கும், ஆனால் லைசென்ஸ், பிரிண்ட், அப்டேட் என்று ஒவ்வொன்றாக மக்கர் பண்ணும். கணக்கு எழுதுகிற சிஸ்டத்தில் அந்த வம்பு வேண்டாம். கோல்டு லைசென்ஸிலும் ஒவ்வொரு மேசையிலும் டேலி தனியாக ஓட வேண்டும், ஆக 3 பேருக்கும் விண்டோஸ். ரெண்டு பேர் இருக்கிற புதுசில் உட்காரட்டும். மூணாவது ஆளுக்கு எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப் உள்ள ஒரு சிஸ்டம் வாங்கினால் போதும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், அட்டெண்டன்ஸ் மென்பொருள் ரெண்டையும் இதே மூன்றில் ஒன்றில் வையுங்க. டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டுதான். ஆனால் ஒவ்வொரு அரசுத் தளமும் தனக்கென்று ஒரு கையெழுத்துச் செயலி கேட்கும். ரிட்டர்ன் கடைசி நாளில் அதோடு மல்லுக்கட்ட முடியாது.

ஒரு விண்டோஸ் 11 ப்ரோவில் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக 3 பேரும் நுழையலாம் என்று யாராவது சொல்வார்கள். ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான். பல பேர் வேண்டுமென்றால் விண்டோஸ் சர்வரும் ஆளுக்கொரு அனுமதி லைசென்ஸும் வாங்கணும். அதை உடைக்கிற சின்ன நிரல்கள் லைசென்ஸ் மீறல். முதலாளிக்கு ரிப்போர்ட் பார்க்க மட்டும் என்றால், டேலி சந்தா நடப்பில் இருக்கும்போது பிரவுசரிலேயே பார்க்கலாம். அதற்கு லினக்ஸ் போதும்.

மீதி 8 பழசுக்கு: 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, 4 ஜிபி டிடிஆர்3 ரேம் இன்னொரு துண்டு, கூடவே போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பேட்டரி. பேட்டரியை அற்பமாக நினைக்காதீங்க. இத்தனை வயசான போர்டில் அது செத்திருக்கும், கரண்ட் போய் வந்தால் தேதி பல வருஷம் பின்னால் போகும். உடனே எல்லா பாதுகாப்பான தளமும் "சான்றிதழ் தவறு" என்று கதவை மூடும், பழி லினக்ஸ் மேல் விழும். போடுவதற்கு லினக்ஸ் மின்ட் 22 சரி. உபுண்டு 24.04 அடித்தளம், 2029 வரை பாதுகாப்பு அப்டேட். 8-லும் ஒரே பதிப்பு, ஒரே டெஸ்க்டாப், ஒரே மாதிரி ஐகான் வரிசை இருக்கட்டும். நிறுவும் முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டி நெட்வொர்க், சத்தம், பிரிண்ட் மூன்றையும் பாருங்க. யுஎஸ்பி வைஃபை குச்சிதான் பெரும்பாலும் காலை வாரும். கேபிள் இழுப்பது மேல்.

ஆற்காடு கணக்கர்:

காட்பாடி நண்பர் சொன்னதற்குக் கணக்குப் பக்கத்திலிருந்து சில சேர்க்கைகள்.

முதலில் சட்டம். நீங்கள் பிரைவேட் லிமிடெட். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஆடிட் டிரெயில் இருந்தே ஆக வேண்டும். யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற பதிவை அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். கணினியில் வைக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும். ஆகவே இலவசம் என்று குனுகேஷ் பக்கம் போகாதீர்கள். வீட்டுக் கணக்குக்கு அருமையான மென்பொருள், இந்த விதிக்குப் பொருந்தாது. பார்ட்னர்ஷிப், தனிநபர் வியாபாரத்துக்கு இந்த விதி இல்லை, அங்கே யோசிக்கலாம்.

இரண்டாவது, இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசுத் தளத்தில் பதிவது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால் 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். 10 கோடியும் அதற்கு மேலும் என்றால் 2025 ஏப்ரல் 1 முதல் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதிய வேண்டும். டேலியிலிருந்தே நேராகப் போட்டால் கவலை இல்லை. அரசு தரும் எக்ஸெல் கருவிகளில் போடுகிறவர் இருந்தால், அவை மேக்ரோவால் ஓடுபவை. லிப்ரேஆபீஸில் (எக்ஸெல், வேர்டுக்கு மாற்றான இலவச மென்பொருள்) பட்டனை அழுத்தினால் அசையாது. ஜிஎஸ்டிஆர்-9 (ஆண்டு ஜிஎஸ்டி ரிட்டர்ன்) ஆஃப்லைன் கருவியும் இதே ரகம். அந்த மேசை விண்டோஸில்தான்.

பிஎஃப் மேசை தாராளமாக லினக்ஸ். இசிஆர் என்ற மாதாந்திர பிஎஃப் ரிட்டர்ன் வெறும் டெக்ஸ்ட் ஃபைல், புலங்களுக்கு நடுவே #~# போட்டால் போதும். லிப்ரேஆபீஸ் கால்க் தாளில் ஒரு சூத்திரத்தில் ஒட்டவைத்து, அந்த நெடுவரிசையை மட்டும் டெக்ஸ்டாகச் சேமிக்கலாம். இஎஸ்ஐ பழைய எக்ஸ்எல்எஸ் வடிவம் கேட்கும், "எக்ஸெல் 97-2003" என்று தேர்ந்து சேமியுங்கள்.

டேலி டேட்டாவை லினக்ஸ் சம்பா ஷேரில், அதாவது விண்டோஸும் திறக்கக்கூடிய லினக்ஸ் பகிர்வுக் கோப்புறையில், வைத்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். பல பேர் ஒரே கோப்பைத் திறக்கும்போது பூட்டு பிடிக்கும் முறையில் உரசல் வரும், வேகம் குறையும், கரண்ட் போனால் டேட்டா கெடும். டேட்டா ஒரு விண்டோஸ் சிஸ்டத்திலேயே யுபிஎஸ்ஸோடு இருக்கட்டும். அந்த மெயின் சிஸ்டத்தை மாற்றுவதானால் பழையதில் லைசென்ஸை சரண்டர் செய்த பிறகே ஃபார்மட். இந்த வரிசை தவறினால் ஒரு நாள் பில்லிங் நிற்கும்.

மைக்ரோசாஃப்ட் தரும் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டை வாங்கலாமே என்பவர்களுக்கு: வணிகப் பயன்பாட்டுக்கு முதல் ஆண்டு ஒரு கணினிக்கு 61 டாலர், ஒவ்வொரு ஆண்டும் இரட்டிப்பு, அதிகபட்சம் 3 ஆண்டு. 61, 122, 244 சேர்த்தால் 427 டாலர். தாமதமாகச் சேர்ந்தால் விட்ட ஆண்டுக்கும் கட்ட வேண்டும். 4 ஜிபி ரேம் உள்ள பழைய பெட்டிக்கு அந்தச் செலவு வீண்.

கிராக் போடுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால் பதிப்புரிமைச் சட்டப் பிரிவு 63பி: குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டுப் பையர் ஆடிட் வருகிற கம்பெனி இந்தப் பக்கமே போகக்கூடாது.

கட்டற்றவன்:

டேலியை ஏன் தெய்வமாக வைக்கிறீர்கள்? இஆர்பிநெக்ஸ்ட் என்ற வியாபார மேலாண்மை மென்பொருள் இருக்கிறது. ஜிபிஎல் 3 என்ற கட்டற்ற உரிமம், மும்பையில் உருவானது, பிரவுசரில் ஓடும். இந்தியா கம்ப்ளையன்ஸ் என்ற இணைப்பைச் சேர்த்தால் ஜிஎஸ்டி, இ-இன்வாய்ஸ், ஆடிட் டிரெயில் வரும். ஹைட் (தோல்) லாட் வாரியாக ஸ்டாக், சதுர அடிக்கும் டெசிமீட்டருக்கும் அலகு மாற்றம் (1 சதுர அடி = 9.29 சதுர டெசிமீட்டர்) எல்லாம் ஒரே இடத்தில். பேக்கிங் லிஸ்ட் மேக்ரோவே தேவைப்படாது. உங்கள் டேட்டா உங்கள் மரியாடிபி தரவுத்தளத்தில், எந்த நாளும் உங்களால் வெளியே எடுக்க முடியும். வியாபாரத்துக்குக் கட்டற்ற மென்பொருளின் உண்மையான மதிப்பு அதுதான், விலை அல்ல.

ஆற்காடு கணக்கர்:

மென்பொருள் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் இயங்குதளத்தையும் கணக்குமுறையையும் ஒரே நேரத்தில் மாற்றினால், தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியாது. இஆர்பிநெக்ஸ்ட் போவதானால் ஏப்ரல் 1 தொடக்கமாக வைத்து, குறைந்தது 3 மாதம் இரண்டிலும் எழுதி, ட்ரையல் பேலன்ஸ் பைசா வரை ஒத்துப்போன பிறகு விடுங்கள். சர்வரைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் ஒருவர் மாதச் சம்பளத்திலோ ஒப்பந்தத்திலோ வேண்டும். அந்தச் செலவை எழுதாமல் "இலவசம்" என்று முதலாளியிடம் சொல்வது நியாயமில்லை.

ய_ர_ல_வ:

யாரும் தமிழைத் தொடவில்லை. உங்கள் பாமினி ஃபைல்கள்தான் இந்த மாற்றத்தில் அதிக நேரம் தின்னும்.

பாமினி யூனிகோடு (எல்லா மொழிக்குமான பொது எழுத்துக் குறியீடு) அல்ல; உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. லினக்ஸில் அந்த எழுத்துரு இல்லாததால் திறந்ததும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். பயப்பட வேண்டாம், ஃபைல் கெடவில்லை. எழுத்துருக் கோப்பை வீட்டு அடைவில் (ஹோம் ஃபோல்டர்) உள்ள எழுத்துருக் கோப்புறையில் போட்டால் பழையபடி படிக்கலாம். புதிதாக எழுதுவதை இன்றிலிருந்தே யூனிகோடில் எழுதுங்கள். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது.

பழையதை மாற்றும்போது ஒரு கண்ணி. மாற்றிகள் எந்த எழுத்து ஆங்கிலம், எந்த எழுத்து பாமினி என்று அறியாது. "சிப்காட் பேஸ் 2" என்பதை நடுவில் ஆங்கிலத்தில் அடித்திருந்தால் அதுவும் அர்த்தமில்லாத தமிழாகும், சதுர அடைப்புக்குறிகூட வேறு எழுத்தாகும். ஆகவே பத்தி பத்தியாக, பாமினி உள்ள பகுதியை மட்டும் எடுத்து மாற்றுங்கள். வருடத்துக்கு ஒருமுறைகூடத் திறக்காத ஃபைலை மாற்றவே வேண்டாம். பிடிஎஃப் எடுத்து வையுங்கள்.

தட்டச்சு: ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி, கூடவே எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பு. அதில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய டைப்ரைட்டர் மூன்றும் உண்டு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்த கைக்கு டைப்ரைட்டர் அமைப்பையே கொடுங்கள். தமிழ்99 கற்றே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் அந்த மேசைக்காரர் மாற்றத்துக்கே எதிரியாகிவிடுவார். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ். லதா, நிர்மலா விண்டோஸோடு வருபவை, இங்கே இருக்காது.

லிப்ரேஆபீஸில் முதல் நாளே நாலு அமைப்பு. எப்போதும் எக்ஸெல், வேர்டு வடிவிலேயே சேமி என்று வையுங்கள். இட அமைப்பை, அதாவது லோக்கேலை, ஆங்கிலம் (இந்தியா) ஆக்குங்கள். அமெரிக்கா என்று இருந்தால் 03/04 என்பது மார்ச் 4 ஆகும், ஷிப்மென்ட் தேதியே பிசகும். கலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதில் கலடியா நிறுவுங்கள்; அகல அளவு ஒன்றே என்பதால் பக்கம் உடையாது. பையருக்குப் போவது எல்லாம் பிடிஎஃப்.

மேக்ரோ உள்ள அந்த 2 ஃபைலைத் திறந்து பாருங்கள். வெறும் கூட்டல், வரிசைப்படுத்தல் என்றால் பெரும்பாலும் ஓடும். யூசர்ஃபார்ம், ஆக்டிவ்எக்ஸ் பட்டன், பவர் குவரி இருந்தால் பெரும்பாலும் ஓடாது. எக்ஸ்லுக்கப் என்ற தேடல் சூத்திரம் லிப்ரேஆபீஸ் 24.8-இல்தான் வந்தது; மின்ட் 22-இன் களஞ்சியத்தில் வருவது அதற்கு முந்தைய 24.2, எனவே ஃபிளாட்பேக் என்ற தனி நிறுவல் வழியில் புதியதைப் போடுங்கள். ஒரே ஃபைலை ஒருவர் எக்ஸெல்லிலும் ஒருவர் லிப்ரேவிலும் மாறி மாறிச் சேமிக்க மட்டும் விடாதீர்கள், கோடும் நிறமும் மெல்லக் கலையும். ஒரு ஃபைலுக்கு ஒரே வீடு.

பாலாற்றங்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மேக்ரோ ஃபைல் பார்த்தேன், ஒன்றில் யூசர்ஃபார்ம் இருக்கிறது, அது விண்டோஸிலேயே நிற்கும். 8 சிஸ்டம் மின்ட், 3 விண்டோஸ் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். இன்னும் ரெண்டு: பிரிண்டர் மூன்றும் வேலை செய்யுமா? லினக்ஸ் வந்துவிட்டதால், ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் பயம் விட்டதா?

காட்பாடி ஜங்ஷன்:

ரெண்டாவதற்கு முதலில். விடவில்லை சார். ஷேர் ஃபோல்டர் லினக்ஸில் இருந்தாலும், அதில் எழுத அனுமதி உள்ள ஒரு விண்டோஸ் சிஸ்டம் தொற்றினால் போதும், ஷேரில் உள்ள அத்தனையும் பூட்டிவிடும். அதனால் பேக்கப்பை யாரும் "அனுப்ப" விடாதீங்க. ஒரு தனி லினக்ஸ் பெட்டி ராத்திரி தானாக வந்து "இழுத்துக்கொள்ள" வேண்டும், அந்தப் பெட்டிக்குள் மற்ற எந்த சிஸ்டத்துக்கும் எழுத அனுமதி இருக்கக் கூடாது. போர்க் அல்லது ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் போட்டால் பழைய பிரதிகளும் நாள்வாரியாக நிற்கும். டேலி டேட்டாவை ஓடும்போதே நகலெடுக்காதீங்க; சாயங்காலம் டேலியின் சொந்த பேக்கப்பை எடுத்து, அந்தக் கோப்பை இழுக்க வையுங்க. மின்டில் டைம்ஷிஃப்ட் இருக்கே என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அது இயங்குதளத்தை மட்டும்தான் காப்பாற்றும், வீட்டு அடைவில் உள்ள ஃபைல்களை இயல்பாக எடுக்காது. மாசம் ஒருமுறை ஏதாவது ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துத் திறந்து பார்த்தால்தான் அது பேக்கப்.

பிரிண்டர். எச்பி 1020 ஓடும், ஆனால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினியிலிருந்து ஃபர்ம்வேர் ஏற வேண்டும். அதற்கு எச்பிலிப் என்ற எச்பி டிரைவரோடு தனி பிளகினும் இறக்கணும், ரெண்டின் பதிப்பும் ஒன்றாக இருக்கணும். அப்டேட்டுக்குப் பிறகு பிரிண்டர் ஊமையானால் பிளகினை மறுபடி இறக்குங்க, சரியாகும். கேனான் 2900 கேப்ட் என்ற தனி மொழி மட்டும் பேசும். அதன் லினக்ஸ் டிரைவர் பழசு, பின்னால் ஓடும் சேவை அடிக்கடி நின்றுபோகும். விண்டோஸில் மாட்டி ஷேர் செய்தாலும் லினக்ஸ் பக்கம் அதே டிரைவரைத்தான் கேட்கும், தப்பிக்க வழியில்லை. அதை டேலி மேசைக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, லினக்ஸ் ஆட்களுக்கு ஏர்பிரிண்ட் ஆதரவுள்ள ஒரு நெட்வொர்க் லேசர் வாங்குங்க. டிரைவரே இல்லாமல் 8 சிஸ்டத்திலும் தானாகத் தெரியும்.

டாட் மேட்ரிக்ஸ் 9 ஊசி என்றால் லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸில் உள்ள எப்சன் 9-பின் டிரைவர் பொருந்தும். தாள் நீளத்தை 12 அங்குலம், பாதி என்றால் 6 என்று சரியாகக் குறியுங்க, இல்லையென்றால் ஒவ்வொரு கேட் பாஸிலும் ஒரு வரி கீழே இறங்கிக்கொண்டே போகும். தமிழ் அச்சு வேண்டுமென்றால் படமாகத்தான் அடிக்கும், மெதுவாக வரும். பிரிண்டருக்குள் இருப்பது ஆங்கில எழுத்து மட்டுமே.

8-ஐயும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாத்தாதீங்க. முதலில் மெயில் மட்டும் பார்க்கிற 2 மேசை, ரெண்டு வாரம் கழித்து பிஎஃப் மேசை, கடைசியில் பாமினி மேசை. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, யாருடையது என்று மேலே எழுதி, 3 மாசம் பீரோவில் வையுங்க.